பகிர்வதில் பிறர் பங்கு

கைரேகை தர மாட்டோம் என்று கூறி ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் 21 நாட்கள் வேலைக்குச் செல்லாமல் இருந்தார்கள் என்றால் இன்றைய இளைஞர் நம்புவாரா? கோலார் தங்கவயலில் 1930-ஆம் ஆண்டு அது நடந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று பெயர் பெற்ற அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டு, பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தினர். தொழிலாளர் ஒவ்வொருவரையும் பதிவு செய்து, அவரது விரல் ரேகையையும் வாங்கி வைத்துக்கொள்வது என்ற புதிய ஏற்பாடு வந்தபோது அவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். கூலி முதலிய மற்றக் குறைகளும் அந்தப் போராட்டத்தில் சேர்ந்துகொண்டன. ஆனால் அதற்கு வித்திட்டது விரல் ரேகைதான்.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விரல் நுனியை வைத்துத்தான் கைபேசியைத் திறக்கிறார்கள். திறந்ததும் வீட்டின் விசேஷம், குழந்தையின் சிரிப்பு, மருத்துவமனைக் கட்டில், புதிய வண்டி, போகும் ஊர் எல்லாவற்றையும் படம் பிடித்து ஊரறியப் பகிர்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் மிரட்டவில்லை. தாத்தா கொடுக்க மறுத்ததைவிடப் பன்மடங்கு அதிகமானதைப் பேரன் மகிழ்ச்சியோடு கொடுக்கிறான். அப்படியானால் தாத்தா வீணாகப் பிடிவாதம் பிடித்தாரா? அல்லது பேரன் எதையோ கவனிக்கத் தவறுகிறானா? இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ரேகையை மறுத்தவர்கள்

கைரேகையைக் கொண்டு மனிதரை அடையாளம் காணும் முறைக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஒப்பந்தப் பத்திரத்தில் கைப்பதிவு வாங்கத் தொடங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவு நிலையம் நிறுவப்பட்டது. அங்கே முதன்மையாகச் சேர்த்து வைக்கப்பட்டவை குற்றவாளிகளின் ரேகைகள். ஆகவே மக்கள் மனத்தில் ரேகை என்றால் குற்றம் என்றே பதிந்துவிட்டது. குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழகத்துச் சிற்றூர்களில் 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்ள மறுத்து, உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள் 16 பேர்.

தங்கவயல் தொழிலாளியின் நிலையும் இத்தகையதே. தங்கத் திருட்டு பற்றிய சந்தேகம் அங்கே எப்போதும் இருந்தது. பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்துவிட்டு மேலே வருபவரின் உடலையும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அதற்கும் மேல் ரேகையையும் கொடு என்றபோது, 'நீ திருடன் அல்ல என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை' என்று தன்னிடம் சொல்வதாகவே அவர் அதைப் புரிந்துகொண்டிருப்பார். அதை ஏற்க அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய முதல் சத்தியாக்கிரகமும் இதே கேள்வியில்தான் பிறந்தது. டிரான்ஸ்வாலில் வாழ்ந்த ஆசியர்கள் அனைவரும் பதிவு செய்துகொண்டு விரல் ரேகை தர வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். தம்பி நாயுடு முதலிய தமிழர்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். இந்த வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய ஒரு திருப்பம் உண்டு. 1908 தொடக்கத்தில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் விலக்கிக்கொள்ளப்படும் என்று காந்தியடிகள் நம்பினார். அதன்படி தாமே சென்று ரேகை கொடுக்கத் துணிந்தார். எதை எதிர்த்தாரோ அதையே செய்கிறாரே என்று சினந்து, அவருடைய தரப்பைச் சேர்ந்தவர்களே வழிமறித்து அவரைத் தாக்கினார்கள். அவர் கருத்து மாறவில்லை: கட்டாயத்தின் பேரில் தருவது இழிவு, சுதந்திரமாகத் தருவது இழிவன்று. பின்னர் சட்டம் விலக்கப்படவில்லை என்று தெரிந்ததும், 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதித் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு என்ன? ஒருவர் தம்மைப் பற்றிய ஒன்றைப் பிறருக்குத் தருவதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தக் கொடை தூய்மையானதாக இருக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, கட்டாயம் இருக்கக் கூடாது. இரண்டாவது, கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக் கொல்லையில் காய் பறித்து அன்னதானம் செய்வதை யாரும் புண்ணியம் என்று சொல்வதில்லை.

இன்று கைபேசியில் பகிர்பவர் முதல் நிபந்தனையில் தேறிவிடுகிறார். இரண்டாவதில்தான் பெரும்பாலும் இடறுகிறார்.

என்னுடையது எது?

ஒரு சாதாரணப் படத்தை எடுத்துக்கொள்வோம். பாலகாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் எடுத்தது. நடுவில் நிற்பவர் படத்தைப் பகிர்ந்தவர். ஆனால் அதில் அவர் மட்டும்தானா இருக்கிறார்? அருகில் மனைவி இருக்கிறார். பள்ளிச் சீருடையில் மகள் இருக்கிறாள். சட்டையில் பள்ளியின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் தந்தை இருக்கிறார். வாசற்படிக்கு மேல் வீட்டு எண் இருக்கிறது. அடுத்த வீட்டுக் கொடியில் உலரும் துணி இருக்கிறது. எடுத்த இடமும் நேரமும்கூட அந்தப் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கக் கூடும். 'என் படம்' என்று அவர் சொல்கிறார். எண்ணிப் பார்த்தால் அதில் அவருடைய பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

படம் மட்டுமல்ல, செய்தியும் அப்படித்தான். 'என் தங்கைக்குக் குழந்தை இல்லாத குறை இந்த ஆண்டு தீர வேண்டும், எல்லோரும் பிரார்த்தியுங்கள்' என்று ஒருவர் அன்பின் மிகுதியால் எழுதுகிறார். அன்பு அண்ணனுடையது, அவர் வெளியிட்ட துயரமோ தங்கையுடையது. நண்பர் நம்பி அனுப்பிய ஒரு கடிதத்தை அப்படியே படம் பிடித்து வேறொரு குழுவுக்கு அனுப்புகிறோம். கைபேசி நம்முடையது, அதில் உள்ள சொல் அவருடையது.

பகிர்தல் தீது என்று நாம் சொல்ல வரவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் எத்தனையோ குடும்பங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்தன. பொழுது விடியும் முன்னரே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கை பலருக்கு வாய்த்தது. வெளிமாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் சென்றோர் பலர். அவர்களையெல்லாம் ஒரே முற்றத்தில் உட்கார வைப்பது இந்தக் கைபேசிக் குழுக்கள்தாம். பேரக்குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பாட்டி அதே நாளில் பார்க்கிறாள். இரத்தம் தேவை என்ற செய்தி ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆகவே கேள்வி, பகிரலாமா கூடாதா என்பதன்று. எவருடையதை, எவரிடம், எவர் சம்மதத்துடன் பகிர்கிறோம் என்பதே.

லைன் வீடுகள் கற்பித்த பாடம்

தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளை 'லைன்' என்பார்கள். வரிசையாக அமைந்த சிறு வீடுகள். தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் கட்டிய குடிசைகள். பின்னர் சுவர் வைத்தவை. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். தண்ணீர்க் குழாய் பொது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். கணவன் மனைவி சண்டை, கடன்காரர் வந்து போனது, அடுப்பு எரியாத நாள், எதையும் மறைக்க முடியாது.

அத்தகைய இடத்தில் அந்தரங்கம் என்ற ஒன்று இருந்திருக்க முடியுமா என்று கேட்கலாம். இருந்தது. அதைக் காத்தது சுவரன்று. அண்டை வீட்டாரின் பண்பு. கேட்டும் கேளாதது போல் இருப்பார்கள். அழுகைச் சத்தம் கேட்ட மறுநாள் குழாயடியில் அந்தப் பெண்ணிடம் வேறு பேச்சுப் பேசுவார்கள். அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால், 'குழம்பு மிகுந்துவிட்டது' என்று ஒரு காரணம் சொல்லிக் கிண்ணத்தை நீட்டுவார்கள். பசியை அறிந்தார்கள், அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லா ஊரிலும் போல அங்கேயும் வம்பு பேசுவோர் இருந்தார்கள். ஆனால் வம்பு என்பது தாழ்ந்த செயல் என்ற அறிவும் கூடவே இருந்தது.

இந்தப் பண்புக்கு நம் மொழியில் கண்ணோட்டம் என்று பெயர். வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். இன்று நமக்குக் கனத்த சுவர்கள் இருக்கின்றன, தனித்தனி அறைகள் இருக்கின்றன, கைபேசிக்குக் கடவுச்சொல் இருக்கிறது. பூட்டுகள் பெருகிய அளவுக்குக் கண்ணோட்டம் பெருகவில்லை. அந்தரங்கத்தைக் காப்பது என்றால் நம்மைப் பூட்டிக்கொள்வது என்று மட்டும் நினைக்கிறோம். பிறரைத் திறந்து காட்டாமல் இருப்பதே அதன் முக்கியமான பாதி என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டம் எதுவரை வரும்?

இந்த உரிமையைச் சட்டம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் கையடக்கக் கேமரா பரவத் தொடங்கிய காலத்தில், 1890-இல், வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் தனியுரிமை பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பத்திரிகையும் கேமராவும் வீட்டுக்குள் நுழைவதைக் கண்டே அவர்கள் அதை எழுதினார்கள். நம் நாட்டில் கரக் சிங் வழக்கில், நள்ளிரவில் போலீசார் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பது செல்லாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் அன்று ஏற்கவில்லை; நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். 1994-இல் தமிழகத்திலிருந்து சென்ற ஆர். ராஜகோபால் வழக்கில், தன் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி முதலியவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று நீதிமன்றம் விளக்கியது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் வழக்குத் தொடுத்தபோது எண்பது வயதைக் கடந்திருந்தார். அந்த வழக்கின் பயனாக 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள்.

2023-இல் எண்மத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இந்தச் சட்டத்தில் நாம் அறிய வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காகப் பிறர் தகவலைக் கையாள்வது இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது.

அதாவது, நிறுவனங்கள் நம் தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அண்ணன் தங்கையின் துயரத்தை வெளியிடும்போதும், மகன் தந்தையின் நோயைப் படம் பிடிக்கும்போதும் இந்தச் சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அது குறையன்று. வீட்டுக்குள் சட்டம் நுழைவதை நாமும் விரும்ப மாட்டோம். ஆனால் சட்டம் நின்ற இடத்தில் அறம் தொடங்க வேண்டும். அறமும் அங்கே இல்லையென்றால், வீட்டிலுள்ள பலவீனருக்குக் காவலே இல்லை.

அகத்தின் பெயரைச் சொல்லாத மரபு

அறத்துக்கான வழிகாட்டுதல் நம் மரபில் குறைவில்லாமல் இருக்கிறது. 'அந்தரங்கம்' என்ற சொல்லையே பாருங்கள். உட்பகுதி என்பது அதன் பொருள். பதஞ்சலியின் யோக சூத்திரம் தாரணை, தியானம், சமாதி என்ற மூன்றையும் மற்ற ஐந்து அங்கங்களோடு ஒப்பிட்டு அந்தரங்க சாதனம் என்கிறது. ஒளித்து வைக்கும் இரகசியத்தை அது குறிப்பதில்லை. மனிதன் தன்னோடும் இறைவனோடும் இருக்கும் உள்ளிடத்தைக் குறிக்கிறது. அந்த இடம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது, நாம் படம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும்.

யமங்களில் ஒன்றான அஸ்தேயம் என்பதைத் திருடாமை என்று மொழிபெயர்க்கிறோம். பிறருடையதை அவர் தராமல் எடுக்காதிருத்தல் என்பதே அதன் விரிந்த பொருள். நாம் 'படம் எடுத்தேன்' என்று சொல்கிறோம். எடுத்தோம், சரி; கொடுத்தார்களா?

தமிழில் அகம் என்ற சொல் உள், மனம், வீடு என்ற மூன்றையும் குறிக்கும். காதலையும் இல்வாழ்வையும் பாடும் பாடல்களை அகம் என்று வகுத்த நம் முன்னோர், ஒரு கண்டிப்பான விதியும் செய்தார்கள். அகப் பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். வீரத்தையும் கொடையையும் பாடும் புறப் பாடலில் மன்னன் பெயர் வரலாம்; அகத்தில் கூடாது. இதனால் அகப் பாடல் ஒன்றும் வறுமைப்படவில்லை. உள்ளத்தின் மிக நுண்ணிய துடிப்புகளையெல்லாம் உலகம் முழுவதும் படிக்கும்படி பாடிவிட்டார்கள். ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. எதைப் பொதுவில் சொல்லலாம், எதைப் பெயரோடு சொல்லக் கூடாது என்று பிரித்தறியும் ஒரு நாகரிகத்தை இந்த விதியில் காண்கிறோம்.

குறளின் அதிகார வரிசையும் கருதத்தக்கது. அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று அடுத்தடுத்து நான்கு அதிகாரங்கள் வருகின்றன. பிறர் வாழ்வைப் பார்த்துப் பொருமுவது, அவர் பொருளுக்கு ஆசைப்படுவது, அவர் இல்லாத இடத்தில் அவரைப் பேசுவது, பயனற்றதைப் பேசிக்கொண்டே இருப்பது. கைபேசித் திரையை ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போனபின் நம் மனத்தைச் சோதித்துப் பார்த்தால், இந்த நான்கும் இதே வரிசையில் நமக்குள் வந்து போயிருப்பது தெரியும்.

பேச முடியாத மூவர்

பகிர்தலால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள், 'வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். அவர்களில் மூவரைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, குழந்தை. குளிக்கும் கோலம், அழுது அடம் பிடிக்கும் கோலம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் வேடிக்கையாகவும் பெருமையாகவும் வெளியே போகின்றன. மகளின் மஞ்சள் நீராட்டு விழாவை எடுத்துக்கொள்வோம். உறவினர் கூடி ஆசி கூறிய நிகழ்ச்சி அது. அறிந்தவர்கள் அனைவரும் அவளை மகளாக, மருமகளாக, பேத்தியாகக் கண்டவர்கள். இன்று அவள் பெயரும் முகமும் தேதியும் போட்ட படம், அவளை யாரென்றே அறியாத ஆயிரம் பேர் கைக்குப் போகிறது. மறுநாள் அவள் வகுப்பறைக்குள் நுழையும்போது அவள் என்ன உணர்வாள் என்று பெற்றோர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தார்களா? 18 வயது நிரம்பாதவரின் தகவலை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். பெற்றோரைக் காவலராகச் சட்டம் நம்புகிறது. காவலரே கதவைத் திறந்து வைத்தால் குழந்தை யாரிடம் முறையிடும்? ஒரு முகப்படம் இருந்தாலே செயற்கை நுண்ணறிவின் துணையோடு பொய்யான, இழிவான படங்களை உருவாக்கிவிட முடிகிற காலம் இது. அந்த அபாயம் இல்லாவிட்டாலும்கூட, வளர்ந்தபின் தன் வாழ்க்கைக் கதையைத் தானே சொல்லத் தொடங்கும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு.

இரண்டாவது, நோயாளி. பாறைத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போகும் சிலிகோசிஸ் நோயைத் தங்கவயல் நன்கு அறியும். வாழ்நாள் முழுவதும் தன் உழைப்பில் நிமிர்ந்து நின்ற ஒருவர், மூக்கில் குழாயுடன், நிலை குலைந்த ஆடையுடன் படுத்திருக்கிறார். பார்க்க வந்த உறவினர் படம் எடுத்து, 'பெரியப்பா சீக்கிரம் குணமடைய வேண்டும்' என்று எழுதி அனுப்புகிறார். அந்தப் பெரியவரைக் கேட்டிருந்தால், அந்தக் கோலத்தில் தம்மை உலகம் பார்க்க ஒப்பியிருப்பாரா? இறந்தவர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. அவர் 'வேண்டாம்' என்று ஒருபோதும் சொல்லப் போவதில்லை. ஆகவே அவருக்காக நாம்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உதவி பெறுபவர். 2020-இல் ஊரடங்கின்போது நாடெங்கும் அரிசியும் பருப்பும் வழங்கிய நல்லவர்கள் பலர். வாங்கும் கையையும் குனிந்த முகத்தையும் படமாக்கி வெளியிட்டவர்களும் பலர். கணக்குக் காட்ட வேண்டும், மற்றவர்களுக்கும் ஊக்கம் தர வேண்டும் என்பது காரணம். கணக்குக்குப் பொருளின் படம் போதும். வாங்கியவரின் முகம் எதற்கு? அவருடைய வறுமை அந்த மாதத்தோடு தீர்ந்திருக்கலாம், படம் தீர்வதில்லை. ஐந்து கிலோ அரிசிக்கு ஈடாக ஒருவர் தம் முகத்தைக் கொடுக்க நேர்ந்தால் அதைத் தானம் என்பதா, வாணிபம் என்பதா? 'குழம்பு மிகுந்துவிட்டது' என்று பொய்க்காரணம் சொல்லிக் கிண்ணத்தை நீட்டிய அந்த லைன் வீட்டுத் தாய் தானத்தின் இலக்கணத்தை நன்கு அறிந்தவள்.

எழக்கூடிய இரண்டு ஐயங்கள்

'மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்கு அஞ்ச வேண்டும்?' என்று சிலர் கேட்பதுண்டு. தூய வாழ்வு வாழ்பவருக்கு ஒளிவு மறைவு எதற்கு என்பது அவர்கள் கருத்து. தங்கவயல் தொழிலாளி 1930-இல் ரேகை தர மறுத்தது தங்கத்தை ஒளித்து வைத்திருந்ததாலா? குற்றமற்றவன் என்பதால்தானே அவருக்கு அவ்வளவு வலித்தது! நாம் பூஜை அறைக் கதவைச் சாத்துவது அங்கே குற்றம் செய்வதனால் அன்று. தன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் உண்மையாகவே உணர்ந்தால், தம் வாழ்வைத் திறந்த புத்தகமாக வைக்கட்டும். அது உயர்ந்த நிலைதான். ஆனால் அந்தத் துறவு தம் பொருளைத் துறப்பதாக இருக்க வேண்டும். பிறர் பொருளைத் துறக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

இரண்டாவது ஐயம் இதைவிட முக்கியமானது. 'வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது' என்று சொல்லித்தானே காலங்காலமாகப் பெண்களின் கண்ணீரை மறைத்தார்கள்? அந்தரங்கம் என்ற பெயரால் கொடுமை காப்பாற்றப்பட்டுவிடாதா? நியாயமான கேள்வி. விடை இதுதான்: துன்பப்பட்டவரின் துன்பம் அவருக்கே சொந்தமானது, அதைச் சொல்லும் உரிமை முழுவதும் அவருக்கு உண்டு. அவர் வாயை அடைப்பவர் அவருடைய அந்தரங்கத்தைக் காக்கவில்லை. தம் குற்றத்தைக் காக்கிறார். நம் சட்டம் இதில் ஒரு நுட்பமான வழியைக் கண்டிருக்கிறது. பாலியல் கொடுமையைப் பற்றிப் பேசலாம், எழுதலாம், நீதி கேட்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். 1983 முதல் இருந்து வரும் இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. செய்தியைச் சொல், பெயரைச் சொல்லாதே. அகப் பாடலின் இலக்கணம் தண்டனைச் சட்டத்திலும் இடம் பெற்றுவிட்டது!

பகிரும் முன் ஒரு கணம்

அன்றாட வாழ்வில் இதை எவ்வாறு கடைப்பிடிப்பது? கடினமான விரதம் எதுவும் வேண்டியதில்லை. அனுப்பும் பொத்தானைத் தொடும் முன் ஒரு கணம் நின்று, நம்மை நாமே சிலவற்றைக் கேட்டுக்கொண்டால் போதும்.

இந்தப் படத்தில், இந்தச் செய்தியில் என்னைத் தவிர யார் யார் இருக்கிறார்கள்? அவர்களிடம் கேட்டேனா? சிறு குழந்தையானாலும் ஏழு எட்டு வயது ஆகிவிட்டால் கேட்கலாம். 'இதை மாமாவுக்கு அனுப்பட்டுமா?' என்று தாய் கேட்டுப் பழக்கினால், நாளை அந்தக் குழந்தையும் பிறரைக் கேட்டுத்தான் செய்யும்.

இது யாருக்காக? பாட்டிக்குக் காட்ட வேண்டியதைப் பாட்டிக்கு மட்டும் அனுப்பலாம். குடும்பக் குழுவுக்கு உரியதை ஊர்க் குழுவில் இட வேண்டியதில்லை. யார் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வசதி ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. வீட்டில் விவரம் அறிந்த பிள்ளையிடம் கேட்டு அதை ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

இப்போதே அனுப்ப வேண்டுமா? குடும்பத்தோடு வெளியூர் போகும் செய்தியைத் திரும்பி வந்தபின் சொன்னால் மகிழ்ச்சி குறைந்துவிடாது. பூட்டிய வீட்டை ஊருக்கு அறிவித்ததாகவும் ஆகாது.

இதில் எண்கள் ஏதேனும் உள்ளனவா? ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பயணச் சீட்டு, மருத்துவ அறிக்கை, வண்டி எண் இவற்றைப் படமாக்கிப் பொதுவில் இடுவதைத் தவிர்க்க வேண்டும். யாருக்காவது அனுப்பியே தீர வேண்டுமானால், எண்களை மறைத்த ஆதாரை இணையத்தில் பெறும் வசதி உண்டு. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாற்றப்பட்டுப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930. தங்கவயல் தொழிலாளர் ரேகை தர மறுத்த ஆண்டும் அதுவே என்பதால் நமக்கு நினைவில் நிற்பது எளிது.

கடைசியாக ஒன்று. பிறர் பகிர்ந்தது நம் கைக்கு வரும்போது நமக்கும் ஒரு கடமை வருகிறது. யாரோ ஒருவரின் அவமானம் நம் திரையில் வந்து நிற்கிறது. அதை உண்டாக்கியவர்கள் நாம் அல்லர். ஆனால் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால் நாமும் ஒரு கை சேர்த்தவர்களாகிறோம். அங்கேயே நிறுத்திவிட்டால் அந்த முகம் தெரியாத மனிதருக்கு ஒரு நன்மை செய்தவர்களாகிறோம். அவர் அதை அறியப் போவதில்லை. நன்றி சொல்லவும் போவதில்லை. கைம்மாறு கருதாத கர்மம் என்று நாம் படித்ததைச் செய்து பார்க்க இதைவிட எளிய வாய்ப்பு நாள்தோறும் வேறு எங்கே கிடைக்கும்?

பேரனுக்கு நாம் சொல்ல வேண்டியது

தாத்தா வீணாகப் பிடிவாதம் பிடித்தாரா என்று தொடக்கத்தில் கேட்டோம். இல்லை. தம் விரல் நுனியில் தம் மானம் இருக்கிறது என்று அறிந்து, அதைப் பிறர் பறிக்க அவர் விடவில்லை. பேரனின் நிலை வேறு. அவன் கையில் இருப்பது அவன் ரேகை மட்டுமன்று. அவன் தாயின் முகம், தங்கையின் துயரம், தந்தையின் மூச்சுத் திணறல், நண்பனின் நம்பிக்கை எல்லாம் அந்தச் சிறு கருவிக்குள் அவனை நம்பி இருக்கின்றன. தாத்தா தம் மானத்தைக் காத்தார். பேரன் காக்க வேண்டியது பலருடைய மானம். பொறுப்பு அவனுக்கே அதிகம்.

ஆகவே கைபேசியை எறிந்துவிடு என்று அவனிடம் சொல்ல வேண்டாம். அடுத்த முறை வீட்டு விசேஷத்தில் அவன் படம் எடுத்து முடித்ததும், 'இதில் இருப்பவர்களை ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பு, தம்பி' என்று மட்டும் சொல்வோம். அவன் கேட்கட்டும். யாராவது வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் அந்தப் படத்தை விட்டுவிடட்டும். நாமும் நம் கைபேசியில் அதையே செய்வோம்.